பறக்கும் காமிராவுக்குக் கறுப்புக் கண்ணாடி தேவைதானா?

ஃபில்டர் என்றால் எனக்குத் தெரிந்தது காப்பி ஃபில்டர்தான். பித்தளையில் ஒன்று, எவர்சில்வரில் ஒன்று என்று எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. ஆகவே என் மருமகள் ஒரு நாள் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, ஒரு ஃபில்டர் செட் வாங்கணும். நாலாயிரத்து எண்ணூறு ரூபா ஆகும்" என்று சொன்னபோது, என் மனசு முதலில் சமையலறைக்குத்தான் போயிற்று. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அவள் கேட்டது அவளுடைய ட்ரோனுக்கு. கல்யாண வீடுகளில் தலைக்கு மேலே வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு பறக்கிறதே, ஹெலிகேம் என்று நம் பக்கத்தில் சொல்கிறோமே, அதற்கு!

எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாயவரத்தில் என் வீட்டுக்காரர் 1984-லிருந்து போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். எத்தனையோ பேருக்குப் பெண் பார்க்கும் படம் அவர் கையால் எடுத்ததுதான். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு ஸ்டூடியோ படுத்துவிட்டது. பாஸ்போர்ட் சைஸ் படத்தை நம்பி எத்தனை நாள் கடையைத் திறந்து வைப்பது? பிள்ளை திருப்பூரில் வேலை பார்க்கிறான், வாரம் ஒரு தரம் வருகிறான். கடையை மறுபடி எழுப்பி நிறுத்தியது மருமகள்தான். வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு, அந்தச் சின்ன ட்ரோனை செகண்ட் ஹாண்டில் வாங்கி, அதற்குப் பதிவு எண்ணும் வாங்கி, இப்போது முகூர்த்த மாதங்களில் அவளுக்கு உட்கார நேரமில்லை. வரவு செலவு மட்டும் என் பொறுப்பு. அது நான் கேட்டு வாங்கியதல்ல. மாமனார் காலத்திலிருந்தே கணக்கு நோட்டு இந்த வீட்டில் பெண்பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது.

நாலாயிரத்து எண்ணூறு என்றால் சின்னத் தொகை இல்லை, பாருங்கள். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் எங்களுக்கு வருமானமில்லாத மாதங்கள். பேரனுக்கு இரண்டாம் பருவக் கட்டணம் வேறு வாசலில் நிற்கிறது. ஆனாலும் எடுத்த எடுப்பில் "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த மூன்று வருஷத்தில் அவளாகத் தொழிலுக்கென்று கேட்ட முதல் பொருள் இது. கேட்டதற்குக் காரணமும் இருந்தது.

வைகாசியில் ஒரு கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சவுக்குத் தோப்புப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிளில் போகச் சொல்லி, ட்ரோன் பக்கவாட்டில் தாழப் பறந்து படம் எடுத்திருக்கிறாள். மதியம் ஒரு மணி. பந்தி முடிந்த பிறகுதான் அவர்களுக்கு ஒழிந்தது. வெயில் சுட்டெரிக்கிறது. படம் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் பெரிய டி.வி.யில் போட்டுப் பார்த்த பெண் வீட்டார், "என்னங்க, மரமெல்லாம் குதிச்சுக் குதிச்சுப் போகுது? கண்ணு வலிக்குதே!" என்று சொல்லி, பாக்கி ஆறாயிரத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். "ஃபில்டர் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது அத்தை" என்றாள் இவள்.

"அதெல்லாம் சும்மா! கடைக்காரன் சொல்ற கதை" என்றார் என் வீட்டுக்காரர்.

இருவருமே தொழில் தெரிந்தவர்கள். நான் யாரை நம்புவது? இரண்டு பேரையும் உட்காரவைத்து, "எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், புரிந்தால்தான் பணம்" என்று சொல்லிவிட்டேன். புரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பிள்ளையோ பெண்ணோ ட்ரோன் வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு நிற்கலாம் அல்லவா?

சாதாரண காமிராவில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த மூன்று வழி உண்டு. லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கலாம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். ஐ.எஸ்.ஓ. என்கிற உணர்திறனைக் குறைக்கலாம். நம் கண்மணி வெயிலில் சுருங்குகிற மாதிரி லென்ஸின் துவாரமும் சுருங்கும். ஆனால் இந்தச் சின்ன ட்ரோன்களில் பெரும்பாலானவற்றுக்குத் துவாரம் சுருங்காது. எங்களுடையதில் எஃப் 2.8 என்று ஒரே அளவு, அதுவும் நல்ல அகலத் துவாரம். ஐ.எஸ்.ஓ.வும் 100-க்குக் கீழே இறங்காது. ஆக, நடு வெயிலில் அதற்குத் தெரிந்த ஒரே தந்திரம், ஷட்டரை வேகமாகத் திறந்து மூடுவது. 1/1600 நொடி, 1/2000 நொடி, உச்சி வெயிலில் 1/3200 நொடிகூடப் போகும்.

"போகட்டுமே, அதனால் என்ன நஷ்டம்?" என்று கேட்டேன். போட்டோவுக்கு நஷ்டமே இல்லை. நடக்கிற கால் அப்படியே நின்றுபோய், நறுக்கென்று விழும். வீடியோவில்தான் வினை. நொடிக்கு 25 படம் எடுக்கிறாள். ஒவ்வொரு படத்திலும் மரம் கத்தியால் வெட்டின மாதிரி தெளிவாக நிற்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அது நகர்ந்த தடம் மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை. அதனால்தான் கண்ணுக்குத் தத்தித் தத்திப் போகிற மாதிரி தோன்றுகிறது. நம் கையை முகத்துக்கு முன்னால் வேகமாக ஆட்டிப் பார்த்தால் விரல்கள் லேசாகக் கலங்கித் தெரியும். அந்தக் கலக்கம் படத்திலும் கொஞ்சம் இருந்தால்தான் ஓட்டம் ஓட்டமாகத் தெரியுமாம்.

இங்கே என் வீட்டுக்காரர் தானாகவே அவள் பக்கம் சாய்ந்துவிட்டார், தெரியாமலே! "சினிமா காமிராவில் ஷட்டர் ஒரு வட்டத் தகடும்மா. பாதி வட்டத்தை வெட்டி எடுத்திருப்பான். அது சுத்திக்கிட்டே இருக்கும். நொடிக்கு 24 படம், ஒவ்வொண்ணுக்கும் 1/48 நொடி வெளிச்சம். சினிமா பார்த்துப் பழகின கண்ணு அதைத்தான் எதிர்பார்க்கும்" என்றார். அந்தக் கணக்கில் 25 படத்துக்கு 1/50 நொடி வேண்டும். வெயிலில் 1/50 நொடி திறந்துவைத்தால் படம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். ஆகையால் லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டுகிறார்கள். அதுதான் என்.டி. ஃபில்டர். நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற சாம்பல் நிறக் கண்ணாடி.

அதன் மேல் 8, 16, 32, 64 என்று எண் போட்டிருக்கும். இந்த எண் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ஏனென்றால் வெறும் வகுத்தல்தான். 16 என்றால் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும். ஃபில்டர் இல்லாமல் ட்ரோன் 1/800 காட்டுகிறதா? 800-ஐ 16-ஆல் வகுத்தால் 50. அப்போது 16 போட வேண்டும். 1600 காட்டினால் 32. 3200 என்றால் 64. இதை என்னவோ பெரிய வித்தை மாதிரி பேசிக்கொள்கிறார்கள்! மளிகைக் கணக்குப் பார்க்கிற யாருக்கும் இது வரும்.

கணக்குப் புரிந்துவிட்டது என்பதற்காகப் பணத்தை எடுத்து நீட்டிவிட முடியுமா? கூலிங் கிளாஸ் போட்டால் படம் நன்றாக இருக்கும் என்று சொல்வது சரி. நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு நன்றாக இருக்குமா என்பதல்லவா என் கேள்வி? "யார்கிட்டயாவது இரவல் வாங்கு. நம்ம வயலில் பறக்கவிட்டுக் காட்டு" என்றேன். சீர்காழியில் இதே தொழில் செய்கிற ஒருவர் நல்ல செட் ஒன்றை இரண்டு நாளைக்குக் கொடுத்தார். தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற மலிவு செட் ஒன்றும் இன்னொருவரிடமிருந்து வந்தது.

பறக்கவிடுவதற்கு முன்னால் நான் ஒன்று செய்தேன். மருமகள்கூட "எதுக்கு அத்தை?" என்றாள். ட்ரோனையும் இரண்டு செட்டையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, எங்களுக்குப் பழக்கமான நகைக்கடைக்குப் போய்த் தராசில் வைத்தேன். எங்கள் ட்ரோன் 249 கிராமுக்குள் என்று சொல்லித்தான் வாங்கியது. 2021-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி, சுமக்கிற சாமான்கள் எல்லாம் சேர்த்து 250 கிராம் வரை இருந்தால் அது 'நானோ' வகை. அதை ஓட்டுவதற்கு பைலட் சான்றிதழ் வேண்டாம். 250-ஐத் தாண்டி இரண்டு கிலோ வரை 'மைக்ரோ'. மைக்ரோவைக் காசு வாங்கித் தொழிலுக்கு ஓட்டினால் சான்றிதழ் வேண்டும். பயிற்சிப் பள்ளிக்குப் போக வேண்டும், பணம் கட்ட வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டு எங்களை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் என்ன செய்வது?

பாட்டரி, இறக்கை, பதிவு எண் ஒட்டின ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 248.2 கிராம். நல்ல செட்டில் ஒரு ஃபில்டர் 0.8 கிராம். சேர்த்தால் 249. அப்பாடா! மலிவு செட்டில் தடித்த வளையம் போட்டிருந்தார்கள், ஒன்று 1.9 கிராம். கூட்டிப் பாருங்கள், 250.1. மூக்குத்திக் கல் எடை இல்லை, ஆனால் சட்டத்துக்கு அது போதுமே! நகைக்கடைக்காரர், "என்னம்மா, பவுன் கணக்கு பார்க்கிறாப்பல பார்க்கிறீங்க" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

எடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காமிராவை ஆடாமல் பிடித்துக்கொள்கிற கிம்பல் என்கிற பாகம் இருக்கிறதே, அதன் மோட்டார்கள் சுண்டு விரல் நகம் அளவுதான். அந்தக் காமிராவின் எடைக்கென்று அளந்து செய்தவை. முன்பக்கம் கனம் கூடினால் மோட்டார் திணறும், சூடேறும், சில சமயம் காமிரா தலை தொங்கிவிடும். கிம்பல் போய்விட்டால் ரிப்பேர் செலவு ஃபில்டர் செலவைப்போல் பல மடங்கு. புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றாலும் அது லேசில்லை. வெளிநாட்டு ட்ரோன்களை முழுசாக இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் அரசு தடை போட்டது. ஆராய்ச்சி, ராணுவம் போன்ற காரியங்களுக்கு மட்டும்தான் விலக்கு. இருப்பதைக் கண்போல் காப்பாற்ற வேண்டிய நிலைமை. ஆகையால் எந்த ட்ரோனோ அந்த மாடலுக்கென்றே செய்த ஃபில்டர்தான் வாங்க வேண்டும். வேறொன்றுக்குச் செய்ததைப் பசை வைத்து ஒட்டுகிறவர்கள்கூட இருக்கிறார்களாம், கேட்டீர்களா அநியாயத்தை!

புரட்டாசியில் எங்கள் பக்கம் சம்பா நடவு. வயலெல்லாம் தண்ணீர் கட்டி, நாற்று அப்போதுதான் பச்சை பிடித்து நிற்கும். பதினொன்றரை மணி வெயிலில் போனோம். என் வீட்டுக்காரர் குடையோடு வரப்பில் உட்கார்ந்துகொண்டார். ட்ரோன் 1/1600 காட்டியது. முதலில் ஃபில்டர் இல்லாமல், அப்புறம் 32 போட்டு. இரண்டு தடவையும் ஒரே பாதை, ஒரே உயரம், ஒரே வேகம். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். இல்லாவிட்டால் ஒன்றை ஆசையாய் எடுத்துவிட்டு மற்றதைக் கடனே என்று எடுப்பார்கள், மனுஷ சுபாவம்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். எது ஃபில்டர் போட்டது, எது போடாதது என்று எனக்குச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் 60 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தது. வயல், வாய்க்கால், தூரத்தில் கோயில் கோபுரம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. என் வீட்டுக்காரருக்கும் அப்படியே. மருமகளே இரண்டு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். காரணம் சுலபம். உயரே இருந்து பார்த்தால் எல்லாம் மெல்லத்தான் நகரும். ரயிலில் போகும்போது தூரத்து மலை நம்மோடு கூடவே வருகிறது, பக்கத்துத் தந்திக் கம்பம்தானே ஓடுகிறது! உயரப் பறந்து ஊரைக் காட்டுகிறவர்களுக்கு ஃபில்டர் செலவு வீண் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்தது தாழப் பறந்து எடுத்தது. பேரன் வரப்பில் ஓடுகிறான், ட்ரோன் மூன்று மீட்டர் உயரத்தில் பக்கத்திலேயே போகிறது, நடுவில் தென்னை மரங்கள் குறுக்கே வருகின்றன. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒன்றில் பிள்ளையின் கால்கள் மின்னல் வெட்டுகிற ராத்திரியில் ஓடுகிறவன் கால் மாதிரி வெட்டி வெட்டித் தெரிந்தன. மரங்கள் அந்த வைகாசிக் கல்யாணத்து மரங்களைப் போலவே துள்ளின. மற்றதில் அவன் ஓடினான், அவ்வளவுதான். நான் வரப்பில் நின்று பார்த்தபோது எப்படி ஓடினானோ அப்படி.

சூரியனுக்கு எதிரே பறந்தபோது இன்னொன்று தெரிந்தது. ஃபில்டர் இல்லாத படத்தின் மேல்பக்கம் கறுப்புக் கோடுகள் மினுக் மினுக்கென்று ஓடின. சுழல்கிற இறக்கையின் நிழல் லென்ஸில் விழுவதால் வருவது. ஷட்டர் மெதுவாகத் திறந்தபோது அந்த நிழல் பரவலாகக் கரைந்து, அநேகமாகக் காணாமல் போய்விட்டது.

போட்டோக்களையும் பார்த்தோம். ஒரு வித்தியாசமும் இல்லை. அருவியோ ஆற்றுத் தண்ணீரோ பஞ்சு மாதிரி வர வேண்டும் என்று ஷட்டரை நீளத் திறக்கிறவர்களுக்கு மட்டும் போட்டோவில் இது உதவும். நம் வீட்டுப் பிள்ளைகள் ட்ரோனில் போட்டோ மட்டும்தான் எடுக்கிறார்கள் என்றால், சகோதரிகளே, பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மலிவு செட்டை ஏன் விட வேண்டும் என்று அதையும் பரீட்சை பார்த்தோம். எடை கூடின அதை மாட்டிக்கொண்டு பறக்க நான் சம்மதிக்கவில்லை. தரையிலேயே ட்ரோனை ஸ்டூலில் வைத்து, கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியைப் படம் பிடிக்கச் சொன்னேன். வெள்ளை வேட்டியைவிட நல்ல சாட்சி உண்டா? நல்ல செட்டில் வேட்டி வேட்டியாகவே இருந்தது. மலிவு செட்டில் 16-ஐப் போட்டால் லேசாகச் செம்மண் தண்ணீரில் அலசின மாதிரி, 32-ஐப் போட்டால் பச்சை ஓடின மாதிரி! ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயம் என்றால் எடிட்டிங்கில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு துண்டாகத் திருத்த வேண்டும். அரக்குப் பட்டுக்கும் குங்குமச் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் படம் கொடுத்தால் எந்தப் பெண் வீட்டார் சும்மா இருப்பார்கள்? மிச்சம் பிடித்த மூவாயிரத்துச் சொச்சம் ராத்திரி கண் விழிப்பதிலேயே போய்விடும்.

செட்டில் போலரைசர் என்று ஒன்றும் இருந்தது. இது வெறுமே வெளிச்சத்தைக் குறைப்பதல்ல, தண்ணீர் மேலும் இலை மேலும் பளபளக்கிற எதிரொளியை எடுத்துவிடும். சிலர் கண்ணுக்குப் போட்டுக்கொள்கிற போலராய்ட் கண்ணாடியும் இதே தத்துவம்தான். வயலில் இதைப் போட்டு எடுத்தது பிரமாதமாகத்தான் இருந்தது. தண்ணீர் மேல் இருந்த வெள்ளைப் பளபளப்புப் போய், அடியில் சேறும் நாற்றின் வேரடியும் தெரிந்தன. பச்சை நல்ல அழுத்தமான பச்சையாக வந்தது. ஆனால் ட்ரோன் திரும்பினவுடன் வித்தை முடிந்தது! சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் இது நன்றாக வேலை செய்யும். முன்னாலோ பின்னாலோ வந்துவிட்டால் ஒன்றுமில்லை. கையில் பிடிக்கிற காமிராவில் என்றால் ஃபில்டர் வளையத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். வானத்தில் யார் போய்த் திருகுவது? தரையில் திருகி வைத்ததுதான். ட்ரோன் வட்டமடிக்கும்போது வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளுத்தும் மாறி மாறி வந்தது, எனக்குப் பிடிக்கவில்லை.

அதோடு இன்னொரு யோசனை எனக்கு. நம் பக்கத்து ஜோடிகள் வயலுக்கு வருவதே தண்ணீரில் வானமும் தென்னையும் தலைகீழாகத் தெரிகிற அழகுக்காக. காசு கொடுத்து அதை அழித்து, சேற்றைக் காட்டுவானேன்? மருமகளுக்கு இதில் கொஞ்சம் ஆசை இருந்தது. "நிலம் விற்கிறவங்க, தோப்பு வச்சிருக்கிறவங்க படம் கேட்டா உதவும் அத்தை" என்றாள். கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக யு.வி. ஃபில்டர். இங்கேதான் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. பிலிம் காலத்தில் லென்ஸ் வாங்கினால் அன்றைக்கே யு.வி. கண்ணாடியையும் மாட்டிவிடுவாராம், கறுப்பு வெள்ளையில் மேகம் எடுப்பாக விழ மஞ்சள் ஃபில்டர் வேறு வைத்திருந்தார். அப்போது அது சரி. புற ஊதாக் கதிர் பிலிமில் பதிந்து தூரத்துக் காட்சியை நீலமாகவும் மங்கலாகவும் ஆக்கும். டிஜிட்டல் காமிராவில் படம் பதிகிற தகட்டுக்கு முன்னாலேயே அதைத் தடுக்கிற கண்ணாடி இருக்கிறது. ஆக, இப்போது யு.வி. ஃபில்டரால் படத்துக்கு லாபமில்லை. தூசி, கீறல் படாமல் லென்ஸைக் காப்பாற்றும் என்பார்கள். எங்கள் ட்ரோனில் லென்ஸுக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு கண்ணாடி உண்டு. மூடிக்கு மேல் மூடி எதற்கு? சொன்னால் கேட்கிறாரா? "நீங்க ரெண்டு பேரும் ஒரு கட்சி" என்று எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வற்றல் குழம்பு வைத்துச் சமாதானம் செய்தேன்.

ஃபில்டர் போட்டால் வருகிற தொல்லைகளையும் சொல்லத்தான் வேண்டும். மேகம் வந்து சூரியனை மறைத்தால் படம் சட்டென்று இருண்டுவிடும். வானத்திலிருக்கும் ட்ரோனில் 32-ஐக் கழற்றி 8-ஐ மாட்ட முடியாது. கீழே இறக்கி மாற்றி ஏற்ற வேண்டும், அதற்குள் பாட்டரி கொஞ்சம் போய்விடும், மாப்பிள்ளைக்கு அலுப்பு வந்துவிடும். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு 32-ஐ வேண்டுமென்றே மாட்டி அவள் பறக்கவிட்டுக் காட்டினாள். வெளிச்சம் போதாமல் ஐ.எஸ்.ஓ. தானாக ஏறி, படம் முழுக்க ரவையைத் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கோ வரவேற்புக்கோ இருட்டின பிறகு பறப்பதானால் ஃபில்டர் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். எங்கள் தொழிலில் பாதி வேலை காலை ஏழு மணிக்கு முன்னால் அல்லது மாலை ஐந்து மணிக்கு மேல். மீதிப் பாதிதான், அந்த மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தின வெயில்தான், எங்களுக்கு ஃபில்டர் கேட்கிறது.

ஆனால் அந்த மீதிப் பாதியில்தான் ஆறாயிரம் பாக்கி நின்றது.

ஆகையால் முடிவு இப்படி ஆயிற்று. நாலாயிரத்து எண்ணூறு செட்டில் 4, 8, 16, 32, 64, போலரைசர் என்று ஆறு இருந்தது. 4-ம் 8-ம் எடுக்கிற வெளிச்சத்தில் எங்கள் வெயிலில் பாதி நாள் அவசியமே வராது. போலரைசர் வேண்டாம் என்றாகிவிட்டது. அதே கம்பெனியில் 16, 32, 64 மூன்று மட்டும் உள்ள சின்னப் பெட்டி இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. அதை வாங்கினோம். மிச்சம் இரண்டாயிரத்து நூறைப் பேரன் பருவக் கட்டணத்தில் சேர்த்தேன். "உனக்குக் குறை இல்லையே?" என்று மருமகளிடம் தனியாகக் கேட்டேன். "வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன் அத்தை. வயலுக்கு வந்து குடையில்லாம நிப்பீங்கன்னு நினைக்கலை" என்றாள். குடையைத்தான் அவர் எடுத்துக்கொண்டாரே!

வாங்கினவர்களுக்கு இரண்டொரு வீட்டு யோசனை. ஃபில்டரை மாட்டும்போதும் கழற்றும்போதும் ட்ரோனை அணைத்துவைக்க வேண்டும். காமிராத் தலையை இரண்டு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மாட்ட வேண்டும், கிம்பல் கையை முறுக்கக் கூடாது. மாட்டிய பிறகு ஸ்விட்சைப் போட்டால் அந்த எடையோடு அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைக்கிற வழக்கம் நமக்கெல்லாம் உண்டு. அது கூடவே கூடாது. ஜரிகை ஒரு இழுப்பில் கோடு போட்டுவிடும், தலைக்கு எண்ணெய் தடவின கையென்றால் பிசுக்கு வேறு. மூக்குக் கண்ணாடிக் கடையில் கொடுக்கிற மெல்லிய துணி இருக்கிறதே, அதைத் துவைத்துக் காயவைத்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுவைத்திருக்கிறேன். மழை நாளில் ஈரம் இறங்காமல் இருக்க, மாத்திரை டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலம் ஒன்றும் உண்டு. அதைப் பேரன் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டியிருக்கிறது, சின்னப் பிள்ளை இருக்கிற வீடு பாருங்கள்.

ஐப்பசியில் மூன்று கல்யாணம் ஆயிற்று. 16-ம் 32-ம் மாறி மாறி வேலை செய்கின்றன. 64 இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. பங்குனி, சித்திரை வெயில் வந்தால்தான் அதற்கு வேலை.